ரோடு ரோலருக்குப் பதினான்கு போல்ட்

கூரியர் உறையின் ஓரத்தைக் கத்தரித்ததும் மண்ணெண்ணெய் வாசம் வந்தது.

உள்ளங்கைக்குள் அடங்கும் பிளாஸ்டிக் பை. அதற்குள் இருபது பித்தளை போல்ட். ஒவ்வொன்றும் நீளத்தில் ஓர் அரிசிமணி. தலை மட்டும் ஆறு பட்டையாய், பெரிய எந்திரத்தின் போல்ட் ஒன்று வெகு தூரத்தில் நிற்பது போல. விற்றவர் அவற்றைக் கழுவியிருந்தார், துடைத்திருந்தார், மஞ்சள் மின்ன மெருகேற்றியிருந்தார். திருகுமரையின் இடுக்குக்குள் போய் உட்கார்ந்துவிட்ட வாசத்தை மட்டும் அவரால் ஒன்றும் செய்ய முடியவில்லை. டெல்லி துவாரகாவில் ஒன்பதாவது மாடி, பனிமூட்டத்துக்குப் பயந்து சாத்திய பால்கனிக் கதவு, ஹீட்டரின் சிவப்பு. அந்த அறைக்குள் ஒரு செங்குத்தான மாடிப்படி வந்தது. கைப்பிடிக்குப் பதிலாகத் தொங்கிய கயிறு வந்தது. ஒரு பச்சைப் புடவையும் அதன் மடியில் வைத்த எவர்சில்வர் தட்டும் வந்தன. கத்தரிக்கோலைக் கீழே வைத்துவிட்டேன்.

பையின் மேல் ஒட்டியிருந்த சீட்டில் ஆங்கிலத்தில் ஒரு வரி இருந்தது. மூடிப்போன தொழிற்சாலை ஒன்றின் கடைசி மழைத்துளிகள் இவை என்றது. அந்த வரி நான் எழுதியது. அதை எடுத்துக்கொண்டவர் மேல் எனக்குக் கோபமில்லை. நான் செய்ததற்கு முன்னால் அவர் செய்தது திருட்டே இல்லை.

எனக்குக் காற்றாடி செய்யும் பைத்தியம் உண்டு. எண்ணெய் டின்னை வெட்டி இறக்கை, சைக்கிள் கம்பியில் அச்சு. காற்று வந்தால் கொக்கு குனிந்து மீன் பிடிக்கும், மரங்கொத்தி கொத்தும், ஒரு பெண் ஓயாமல் துணி துவைப்பாள். மே மாதத்து அனல்காற்றில் அவை வெறி பிடித்து ஆடும். ஆடிய ஆட்டத்தில் திருகுகள் கழன்று ஒன்பது மாடியும் தாமாகவே இறங்கிப் போகும். ஆகவே எனக்கு எப்போதும் திருகு வேண்டும். இரண்டு மில்லிமீட்டர் தடிமன், அல்லது அதற்கும் கீழே. ஒரு நேரத்துக்கு ஆறு, மிஞ்சினால் எட்டு.

டெல்லியில் கிடைக்காத பொருளே இல்லை என்பார்கள். உண்மைதான், கிலோக்கணக்கில் வாங்கினால். எட்டு திருகு கேட்டு ஹார்டுவேர் கடை வாசலில் நிற்கும் நாற்பத்தெட்டு வயதுப் பெண்ணுக்கு இந்த நகரத்தில் இடம் கிடையாது.

"எந்த மெஷினுக்கு, மேடம்?"

"மெஷினுக்கு இல்ல பாய் சாப். கொக்குக்கு."

"சாம்பிள் கொண்டு வாங்க."

"சாம்பிள் தொலஞ்சதாலதான் உங்ககிட்ட வந்திருக்கேன்."

"அச்சா, வீட்டுல சார் இருந்தா அனுப்புங்க. அவருக்குத் தெரியும்."

வீட்டில் இருந்த சார் போய் ஏழு வருடம் ஆகிறது. இருந்தபோதும் ஸ்க்ரூடிரைவரில் பிடிக்கும் பக்கம் எது என்று அவருக்குச் சந்தேகம் வரும்.

கண்ணாடிச் சட்டம் விற்கும் சந்தில் கேட்டேன். மூக்குக் கண்ணாடித் திருகு தந்தார்கள். அது என் கொக்கின் கழுத்தில் பாதிவரைதான் எட்டியது. கரோல் பாக்கில் போன் ரிப்பேர் செய்பவர் ஒரு துண்டுக் காகிதத்தில் கொஞ்சம் கொட்டிக் கொடுத்தார். மெட்ரோவில் தும்மினேன், அவ்வளவுதான். ஆன்லைனில் ஐந்நூறு திருகு அடங்கிய பெட்டி ஒன்று வரவழைத்தேன். அத்தனையும் கறுப்பு இரும்பு, அத்தனையும் தலையில் பிளஸ் வெட்டியவை, பாதிக்கு மரையே இல்லை. விற்றவருக்கு எழுதினால், உங்கள் கருத்து எங்களுக்கு முக்கியம் என்று ஒரு பூவுடன் பதில் வந்தது.

டெல்லியிலும் சுற்றுப்புறத்திலும் மாடல் செய்பவர்களுக்கு ஒரு வாட்ஸ்அப் குழு உண்டு. ஓய்வுபெற்ற இன்ஜினியர்கள், நொய்டாவின் சாப்ட்வேர்க்காரர்கள், குர்காவின் பணக்காரப் பிள்ளைகள். கப்பல், ரயில், விமானம் என்று செய்ததையெல்லாம் காட்டுவார்கள். எங்கே வாங்கினீர்கள் என்று மட்டும் யாராவது கேட்டுவிட்டால் குழு முழுவதற்கும் ஒரே நேரத்தில் காது அடைத்துக்கொள்ளும். "தனியாக மெசேஜ் செய்கிறேன்" என்பார்கள். அந்த மெசேஜ் வராது. நல்ல கடையின் முகவரியைச் சொந்த மகனுக்கும் சொல்லாமல் சாகிற ஜாதி இது. அதை அற்பத்தனம் என்று நான் நினைத்திருந்தேன்.

நொய்டாவில் ஒரு பள்ளிக்கூட ஹாலில் அவர்களின் கண்காட்சி. மேசையில் கொக்கை மாட்டிக்கொண்டிருக்கையில் ஒரு நட்டு விழுந்து உருண்டது. "எங்க போய்த் தொலஞ்சுது சனியன்" என்று வாய்விட்டுச் சொல்லிவிட்டேன்.

"ஒன் செருப்புக்குக் கீழதான் கெடக்கு. அசையாத பிள்ள" என்றது ஒரு திருநெல்வேலிக் குரல்.

அப்படித்தான் அக்காவைத் தெரியும். மத்திய அரசு அலுவலகம் ஒன்றில் வேலை, கிட்வாய் நகரில் குவார்ட்டர்ஸ், தனி ஆள். பார்வையாளராக வந்திருந்தார். குழுவில் அவர் இல்லை. ஒரு மாதம் இருந்துவிட்டு, காலை வணக்கப் பூக்களுக்குப் பயந்து ஓடிவந்தவர். என் கொக்கைக் குனிந்து பார்த்தார். "கொக்கு நல்லா இருக்கு. அது தலையில என்னத்துக்குட்டி ஆஸ்பத்திரி மாதிரி பிளஸ் போட்டுருக்கே?" என்று கேட்டார்.

அடுத்த ஞாயிறு அவர் வீட்டுக்குப் போனேன். சமையலறைக்குப் பக்கத்து அறையில் சிறிய லேத், கடைசல் எந்திரம். மேசைமேல், ஒரு முழ நீளத்துக்கு ஒரு ரோடு ரோலர். நீராவியில் ஓடுகிற பழைய ரகம். புகைபோக்கி, உருளை, பக்கத்துச் சக்கரம், டிரைவர் நிற்கும் தட்டு, எல்லாம் பித்தளையிலும் தாமிரத்திலும் அவரே கடைந்தவை. வேலைக்குச் சேர்ந்த புதிதில், காலனிச் சுவரோரம் வேப்பமரத்தடியில் இப்படி ஒன்று கைவிடப்பட்டுக் கிடந்ததாம். ஒரு லாரி வந்து அதைத் தூக்கிப் போவதற்குள், மதிய இடைவேளைகளில் தையல் டேப்பால் அளந்து ஒரு நோட்டு முழுக்க எழுதிவைத்துவிட்டார்.

"ஏங்கா அளந்தீங்க?"

"ஏன்னு தெரிஞ்சா அளந்திருக்க மாட்டேன்."

பெரிய ரோலரில் எங்கெல்லாம் போல்ட் இருந்ததோ அங்கெல்லாம் இதிலும் போல்ட் இருந்தது. அத்தனையும் ஆறு பட்டைத் தலை. நான் கண்ணில் கண்டிராத சின்னது. எங்கே கிடைக்கிறது என்று கேட்டேன். "கெடைக்கும்" என்றார். போகும்போது காலி மாத்திரை டப்பா ஒன்றில் எட்டு எண்ணிப் போட்டு என் கையில் வைத்தார். நான்கு வருடம் இப்படியே நடந்தது. வேண்டும் என்றால் டப்பா வரும், எங்கிருந்து என்பது வராது. நானும் கேட்பதை விட்டுவிட்டேன்.

போன வருடம் மழைக்காலத்தில் போன் செய்தார்.

"கண்ணு பொகையடிச்ச மாதிரி இருக்குட்டி. புரை விழுந்திருக்காம். ஆறு பட்டையும் எட்டு பட்டையும் ஒண்ணாத் தெரியுது. சனிக்கெழம என்கூட வா."

"எங்கக்கா?"

"வா, சொல்லுதேன்."

ஐ.என்.ஏ. மெட்ரோ ஸ்டேஷனில் சேர்ந்துகொண்டோம். சாவ்ரி பஜாரில் இறங்கி, பூமியின் அடியிலிருந்து நெடுநேரம் ஏறி மேலே வந்தோம். அதற்கு மேல் வழி எழுத மாட்டேன். இப்போது எழுதினாலும் யாருக்கும் நஷ்டமில்லை. ஆனாலும் எழுத மாட்டேன்.

ஒரு கட்டடத்தின் முதல் மாடி. கயிற்றைப் பிடித்துக்கொண்டு ஏற வேண்டும். ஏறினால் தகர டின்கள், கூரைவரை. மூடப்படுகிற தொழிற்சாலைகளின் மிச்சத்தை எடைக்கு வாங்கிப் போடுவது கடைக்காரரின் தொழில். ஃபரீதாபாதில் கதவடைத்தால் இங்கே ஒரு டின் கூடும். திருகு, வாஷர், போல்ட், சுருள், இரும்புத்தூள், சமயத்தில் ஒரு செத்த பல்லி, எல்லாம் மண்ணெண்ணெயில் ஊறிக்கொண்டு ஒன்றாய்க் கிடக்கும். கலந்து கிடப்பதை யாரும் வாங்குவதில்லை. பிரித்தால்தான் சரக்கு. பிரிக்க யாருக்குப் பொறுமை?

அக்காவுக்கு இருந்தது. பதினோரு வருடமாக, மாதம் ஒரு சனிக்கிழமை, அந்த முக்காலியில் உட்கார்ந்து, மடியில் எவர்சில்வர் தட்டை வைத்துக்கொண்டு, ஒரு டின்னைப் பிரிப்பார். இடுக்கியால் எடுப்பார், மரை அளக்கும் தகட்டில் வைத்துப் பார்ப்பார், தனித்தனி டப்பாவில் போட்டு இந்தியில் அளவு எழுதி ஒட்டுவார். இரண்டு மணி நேரம். எழுந்து போகும்போது அன்றைக்கு வேண்டியதை எண்ணி எடுத்துக்கொள்வார். கடைக்காரர் அவர் கையைப் பார்க்க மாட்டார், டீ வந்துவிட்டதா என்று ஜன்னலைப் பார்ப்பார். இதுதான் ஒப்பந்தம். ஒப்பந்தம் என்று இருவரும் ஒருநாளும் சொல்லிக்கொண்டதில்லை.

அந்தச் சின்ன ஆறு பட்டை போல்ட் இருந்தது ஒரே ஒரு வனஸ்பதி டின்னில்தான். அளவுக் கருவிகள் செய்த ஏதோ தொழிற்சாலையின் மிச்சம். இனி யாரும் அவற்றைச் செய்யப் போவதில்லை. அக்காவின் கண்ணாக நான் அன்று அதைத் துழாவினேன். அவர் விரலாலேயே பட்டைகளை எண்ணினார். ரோலரில் பாக்கி இருந்தது முகம் மட்டும். கொதிகலனின் முன்பக்க வட்டத் தகடு, அதைச் சுற்றி இருபத்துநான்கு போல்ட். அன்று பத்து எண்ணி எடுத்தார்.

"மிச்சத்தையும் எடுத்து வச்சுக்கோங்கக்கா. இன்னும் பதினாலுதான?"

"பத்துக்குத்தான் ஓட்ட போட்டுருக்கேன். அடுத்த தடவ பாத்துக்கிடலாம்."

"ஒரு கைப்பிடி கூட எடுத்தா அவர் என்ன சொல்லப்போறாரு?"

"பதுக்கவா சொல்லுத? இங்கதானட்டி கெடக்கு. எங்க ஓடிரப் போவுது?"

ஜனவரியோடு அவருக்கு ஓய்வு. குவார்ட்டர்ஸைக் காலி செய்துவிட்டுத் திருநெல்வேலியில் தம்பி வீட்டு மாடியறைக்குப் போக வேண்டும். லேத்துக்கு அங்கே இடமில்லை, விலை பேசியாயிற்று. டெல்லியில் இருக்கும்போதே ரோலர் முடிந்தாக வேண்டும். முப்பத்து மூன்று வருடம் ஃபைல் புரட்டியதற்கு இந்த ஊரிலிருந்து எடுத்துப்போக அவருக்கு வேறொன்றும் இருக்கவில்லை. இதையும் அந்த மாடிப்படி இறங்கும்போதுதான், கயிற்றைப் பிடித்தபடி, முதுகைக் காட்டிக்கொண்டு சொன்னார்.

யாரிடமும் சொல்லாதே என்று அவர் சொல்லவில்லை. பிறகு என் பக்கத்தை எனக்கே வாதாடிப் பார்த்த நாள்களில் எனக்கு அகப்பட்ட ஒரே சாட்சி இதுதான். சொல்லாதே என்று சொல்லத் தேவையில்லாத ஆள் என்று அவர் என்னை நினைத்தார். சாட்சி என் பக்கம் பேசவில்லை.

ஒரு வாரம் கழித்துக் குழுவில் ஒருவர் எழுதினார். சின்ன ஆறு பட்டை போல்ட் இந்தியாவிலேயே கிடையாது, ஜெர்மனியிலிருந்துதான் வர வேண்டும், கொக்கு செய்யும் பெண்கள் பசை போட்டு ஒட்டிக்கொள்ளலாம். கீழே சிரிக்கும் முகங்கள் வரிசையாக விழுந்தன. ஒன்பது, பத்து, பன்னிரண்டு.

எனக்குத் தெரியும் என்று காட்ட வேண்டியிருந்தது. அது மட்டுமில்லை. அந்தக் கடை எனக்குள் ஊறிக்கொண்டிருந்தது. வாசம் விரலில் இருந்தது. உட்கார்ந்தேன், குழுவில் ஆங்கிலத்தில் எழுதினேன். கடையின் பெயர் சொல்லவில்லை. தெருவைச் சொல்லவில்லை. கல்யாணப் பத்திரிகை விற்கும் கடையின் தலைக்கு மேல் என்று சொன்னேன். சுவரில் முளைத்த அரசங்கன்றைச் சொன்னேன். ஒரு காது உடைந்த கெட்டிலோடு டீ விற்பவரைச் சொன்னேன். நீலக் கதவை, கயிற்றை, கயிற்றில் இருந்த ஏழு முடிச்சுகளைச் சொன்னேன். பச்சைப் புடவை கட்டிய ஒரு பெண் மடியில் தட்டை வைத்துக்கொண்டு, ஒரு தொழிற்சாலையின் கடைசி மழைத்துளிகளைப் பொறுக்குகிறாள் என்று எழுதினேன். கடையில் எடுத்த ஒரு புகைப்படமும் போட்டேன். முகம் கிடையாது, கைகள் மட்டும். இரண்டு மணி நேரம் எழுதினேன், ஒவ்வொரு சொல்லாகத் தட்டிப் பார்த்து, மரை சரியாக உட்காரும்வரை.

அறுபது பேர் கட்டைவிரல் காட்டினார்கள். பசை போடச் சொன்னவர், அருமையான எழுத்து மேடம் என்றார். அன்று எனக்குப் பசிக்கவே இல்லை.

பத்து நாளில் ஒருவர் ஒரு படம் போட்டார். நீலக் கதவு. "கண்டுபிடித்துவிட்டேன்!" அதற்கும் கட்டைவிரல்கள். நான் பார்த்தேன். அக்காவிடம் சொல்லியிருக்கலாம், அப்போதே ஓடிப்போய்ப் பதினான்கை எடுத்து வந்திருக்கலாம். மாறாக, நாலு பேர் போனால் கடைக்காரருக்கும் வியாபாரம்தானே என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். அக்காவுக்குக் கண் ஆபரேஷன் தேதி தள்ளிக்கொண்டே போனது, அடுத்துத் தீபாவளி வந்தது. நவம்பரில், மூச்சு இழுத்தால் தொண்டை எரிகிற ஒரு சனிக்கிழமைதான் மறுபடியும் போனோம்.

டின்கள் பாதி இல்லை. முதல்முறையாக அந்த அறையின் பின்சுவர் தெரிந்தது.

"வாங்க பெஹன்ஜி, வாங்க!" கடைக்காரர் இந்தியில் பொங்கினார். "உங்களுக்குப் புண்ணியமாப் போகும். பதினோரு வருஷம் நீங்க பிரிச்சு வச்சது வீண் போகல. கார்ல கார்ல வந்தாங்க. அவருக்கு நாலு வேணும், இவருக்கு ஆறு வேணும்னு ஒரு மாசம் என் உயிரை எடுத்தாங்க. கடைசியா குர்காவ்லேருந்து ஒரு சார் வந்தாரு. பிரிச்ச டப்பா மொத்தத்தையும் தூக்கிட்டாரு."

"அந்தச் சின்னது?" என்றார் அக்கா. "ஆறு பட்ட. வனஸ்பதி டின்."

"சின்னதைத்தான் முதல்ல கேட்டாரு. டின்னோட போச்சு." கையை விரித்தார். அவர் முகத்தில் தவறு எதுவும் இல்லை. விற்பதற்காகக் கடை வைத்திருப்பவர், விற்றுவிட்டார். "பெஹன்ஜி, உங்களப் பத்தி ஏதோ எழுதியிருக்காங்களாமே, பாக்கலியா? ஒருத்தர் எனக்கே அனுப்பினாரு. எனக்கு இங்கிலீஷ் வராது." போனை நீட்டினார்.

அக்கா வாங்கினார். முகத்துக்குக் கிட்டே கொண்டுபோனார், தள்ளிப் பிடித்தார். என்னிடம் நீட்டினார்.

"கண்ணு தெரியல. படி பிள்ள."

படித்தேன். ஆங்கிலத்தில் இருந்ததைத் தமிழில் சொன்னேன். நான் எழுதியதை, நானே, அவருக்கு. கல்யாணப் பத்திரிகைக் கடை, அரசங்கன்று, கெட்டில். அந்த அறையில் வைத்துச் சொல்லச் சொல்ல ஒவ்வொரு வரியும் கூசியது. வெளியே எட்டிப் பார்த்தால் அரசங்கன்று அப்படியே இருந்தது. பச்சைப் புடவை வந்த இடத்தைத் தாண்டிப் போனேன்.

"என்னைப் பத்தி என்னமோ இருக்குன்னாரே?"

"தட்டு வச்சிக்கிட்டு பொறுக்குறாங்கன்னு இருக்குக்கா."

"வேற?"

"வேற ஒண்ணுமில்ல."

"போட்டோ ஏதோ இருக்க மாதிரி தெரிஞ்சுதே. பெருசாக்கு."

பெருசாக்கினேன். திரை முழுக்க அவர் கைகள். வலதுகைச் சுண்டுவிரலில் லேத் கடித்த தழும்பு. அக்கா அதைத் தன் கையோடு வைத்துப் பார்த்துக்கொண்டிருந்தார், யாரோ ஒருவருடைய கையை அடையாளம் காண்பது போல.

"இந்தப் போட்டோ எடுக்கையில எனக்கு நேர யாருட்டி உக்காந்திருந்தா?"

டீ வந்தது. யாரும் குடிக்கவில்லை. கடைக்காரருக்கு மட்டும் எதுவும் புரியாமல், "சர்க்கரை கம்மியா?" என்று கேட்டுக்கொண்டிருந்தார். அக்கா எழுந்தார். பழக்கம், கை தானாகத் தட்டைத் தேடியது. புடவையில் இல்லாத தூளைத் தட்டிவிட்டுக்கொண்டு, கயிற்றைப் பிடித்து இறங்கினார்.

மெட்ரோவில் பக்கத்தில் பக்கத்தில் உட்கார்ந்திருந்தோம். ராஜீவ் சௌக்கில் நான் இறங்கி வண்டி மாற வேண்டும். இறங்கவில்லை.

"அக்கா, நான் கடை பேரச் சொல்லலக்கா. தெரு பேரும் சொல்லல."

"ஆமா. பேரச் சொல்லல. கையப் பிடிச்சுக் கூட்டிட்டுல்லா போயிருக்கே."

"உங்ககிட்ட கேட்டிருக்கணும்."

"கேட்டா நான் வேண்டாம்னு சொல்லிருப்பேன். அது தெரிஞ்சுதான கேக்கல?"

ஐ.என்.ஏ.வில் இறங்கிப் போனார். கதவு மூடும்வரை திரும்பிப் பார்ப்பார் என்று நினைத்தேன்.

அதன்பிறகு நான் போன் செய்தால் எடுப்பார். "நல்லா இருக்கேன். ஆபரேஷன் ஆச்சு. சரி." அவ்வளவுதான். சண்டை போட்டிருந்தால் சமாதானத்துக்கு ஒரு வாசல் இருந்திருக்கும். மரியாதை சாத்திய கதவில் தட்டுவதற்கும் இடம் இருப்பதில்லை. குழுவிலிருந்து விலகினேன். அதுவும் ஒரு வெற்றுச் சடங்கு. ஒரு மாதம் அலைந்தேன். ஹார்டுவேர், கடிகாரச் சாமான், கண்ணாடி, பழைய ரேடியோ, தையல் மெஷின், எல்லாச் சந்திலும் ஆறு பட்டை கேட்டேன். சாம்பிள் கொண்டு வாங்க என்றார்கள். இந்த முறை சாம்பிள் இருந்தது. அக்கா தந்த மாத்திரை டப்பாவின் கடைசி போல்ட்டை என் மரங்கொத்தியின் கழுத்திலிருந்து கழற்றிக் கொண்டுபோயிருந்தேன். அதை வாங்கிப் பார்த்த ஒரு கடைக்காரர், பார்த்த கையோடு தன் பித்தளைத் திருகுக் குவியலில் போட்டு, "இதுபோல இங்கே இல்லை" என்றார். அரை மணி நேரம் துழாவியும் அது அகப்படவில்லை.

பிறகுதான் ஆன்லைனில் அந்தப் பக்கம் கண்ணில் பட்டது. படத்தில் கறுப்புத் துணிமேல் மின்னும் போல்ட்டுகள். கீழே என் மழைத்துளி. விலை சொல்லக் கூச்சமாக இருக்கிறது. வாங்கினேன். ஜனவரியின் அந்தப் பகலில் உறையைக் கத்தரித்தேன், மண்ணெண்ணெய் வந்தது.

மறுநாள் கிட்வாய் நகருக்குப் போனேன். வாசலில் லாரி நின்றது. வீடு அட்டைப்பெட்டிகளாகியிருந்தது. லேத் இருந்த இடத்தில் நான்கு கால்களின் எண்ணெய்க் கறை. அக்கா ஆபரேஷனுக்குப் போட்ட கறுப்புக் கண்ணாடி இல்லாமல், நேராக என்னைப் பார்த்தார். இப்போது அவருக்கு நன்றாகத் தெரிந்தது.

"வா. உக்கார நாற்காலிதான் இல்ல. எல்லாத்தையும் கட்டியாச்சு."

பையை நீட்டினேன். ஜன்னல் பக்கம் கொண்டுபோய்ச் சிலவற்றை உள்ளங்கையில் கொட்டினார். மோந்து பார்த்தார்.

"ம். அதேதான். நான் பொறுக்குனதுட்டி இது. ஒண்ணுகூட மரை தேயல பாரு. நெட்ட, குட்ட கலக்கல." சீட்டைத் திருப்பினார். ஆங்கிலத்தை நிதானமாகப் படித்தார். "மழைத்துளி. இது நீ எழுதுனதா?"

"ஆமாக்கா."

"நல்லாத்தான் இருக்கு."

அவர் திட்டியிருக்கலாம்.

"நான் மாட்டித் தரேங்கா. ஒரு மணி நேரம் ஆகுமா? ரோலர் எந்தப் பெட்டியில இருக்கு?"

குக்கர் வந்த அட்டைப்பெட்டி. பழைய புடவைகளுக்குள் ரோலர். அக்கா மேல்துணியை மட்டும் விலக்கினார். முகம் முழுமையாக இருந்தது. இருபத்துநான்கு இடத்திலும் தலைகள். பத்து ஆறு பட்டை, மஞ்சள். பதினான்கு கறுப்பு, வட்டம், நடுவில் பிளஸ்.

"லேப்டாப் கடையில வாங்குனேன்" என்றார். "லேத்த எடுத்துட்டுப் போக ஆள் வந்து நின்னான். அன்னைக்கு விட்டா இல்ல."

"கழட்டிரலாங்கா. இத மாட்டிரலாம்."

"அந்தக் கறுப்பு ரெண்டு மில்லி. அதுக்காவ ஓட்டையப் பெருசாப் போட்டு மரை வெட்டிட்டேன். இத போட்டா நிக்காது பிள்ள, உள்ள விழுந்துரும்." போல்ட்டுகளைத் திரும்பப் பையில் போட்டு, வாயை மடித்து, என் கையில் வைத்து மூடினார். "உன் கொக்குக்கு ஆகும். வச்சுக்க."

புடவையை மறுபடி மூடினார். ஒரு பிளஸ் தலை கொஞ்ச நேரம் துணியில் சிக்கிக்கொண்டு நின்றது. விரலால் எடுத்துவிட்டார்.

பெட்டியை அவரே தூக்கிக்கொண்டார், என்னிடம் தரவில்லை. கீழே டாக்ஸி. பின்சீட்டில் ஏறி, பெட்டியை மடியில் வைத்துக்கொண்டார், அந்த எவர்சில்வர் தட்டை வைத்துக்கொள்வது போலவே. நான் அதைப் பார்த்துக்கொண்டு நின்றேன். அவர் நான் பார்ப்பதைப் பார்த்தார்.

"போன் பண்ணுங்கக்கா."

"ம்."

டிரைவர் வண்டியைக் கிளப்பினார். கண்ணாடி பாதி ஏறிய பிறகு நின்றது, மீண்டும் இறங்கியது. அக்கா தலையை வெளியே நீட்டினார். குரல் கோபமாக இல்லை. ஊருக்குப் போகிறவர்கள் கேஸ் சிலிண்டரை மூடினாயா என்று கேட்பது போல இருந்தது.

"இத எழுதிராத, என்ன?"